மைப்படிக் கண்காட்சியும் தீராத முன்பணக் கணக்கும்

அடுத்த மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்று கண்காட்சிகள், ஒவ்வொன்றோடும் ஓர் ஆய்வுரை என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. வந்த நாளிலிருந்து ஆய்வு மாணவர்கள் ஒவ்வொருவராக என் மேசைக்கு வருகிறார்கள். போன வருடம் நான் ஒன்று நடத்தினேன் என்பதுதான் காரணம். ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் வைத்தது கல்வெட்டு மைப்படிகள். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை மேலே பரப்பி, பிரஷ்ஷால் தட்டுவார்கள். எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கிவிடும். அப்புறம் மையில் தோய்த்த துணிப்பந்தால் ஒற்றினால் கல்லின் பரப்பு கறுப்பாகப் படியும், எழுத்து வெள்ளையாக நிற்கும். காய்ந்ததும் தாளை உரித்துச் சுருட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம். எங்கள் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் அப்படி ஊர் ஊராகப் போய் எடுத்தவை பீரோவில் மடித்துக் கிடந்தன. 26 தாள்களைத் தேர்ந்தெடுத்தேன்.

கூடம் கிடைப்பதில்தான் முதல் அடி. எஸ்டேட் பிரிவில் தேதி எழுதி வாங்கிவிட்டேன். ஆனால் பதிவாளர் அலுவலகத்தில் இன்னொரு பதிவேடு இருக்கிறது, அதில் அதே வாரம் ஓவிய மாணவர்களின் பெயரில் இருந்தது. இரண்டு பதிவேடும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. கடைசியில் அந்த மாணவர்களிடமே போய்ப் பேசினேன். ஒரு வாரம் தள்ளிக்கொண்டார்கள், பதிலுக்கு என் விளக்குகளை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தேன். மேலே எழுதிப் போட்டிருந்தால் இன்றும் அந்த ஃபைல் சுற்றிக்கொண்டிருக்கும்.

அழைப்பிதழ் நான்கு முறை மாறியது. எழுத்துப்பிழைக்காக ஒரு முறை, பெயர் வரிசைக்காக மூன்று முறை. யார் தலைமை, யார் முன்னிலை, யார் வாழ்த்துரை என்று துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை.

தாளுக்கு வருகிறேன். மடிப்பு மடிப்பாக இருக்கிறதே, ஈரத்துணி போட்டு இஸ்திரி போட்டுவிடலாம் என்றார் ஒருவர். லேமினேஷன் செய்துவிடுங்கள், நூறு வருடம் வரும் என்றார் இன்னொருவர். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் ஐயா என்னை மன்னித்திருக்க மாட்டார். மை நீரில் கரையக்கூடியது. தாளில் மை மட்டும் இல்லை, எழுத்து இறங்கிய புடைப்பும் இருக்கிறது. மை தெளியாத இடத்தில் எழுத்தா, கல்லின் பொத்தலா என்று அந்தப் புடைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். சூடும் அழுத்தமும் அதைத் தட்டையாக்கிவிடும். அதனால் மடிப்புகளை அப்படியே விட்டேன். பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட மடிப்பைக் குறை சொல்லவில்லை.

மாட்டுவதற்கு செல்லோடேப் கூடாது, அதன் பசை தாளில் மஞ்சளாக இறங்கும். குண்டூசி துருப்பிடிக்கும். சுவரில் மெல்லிய இரும்புப் பட்டை அடித்து, அதன்மேல் தாளை வைத்து, சிறிய காந்தங்களால் பிடித்தேன். காந்தத்துக்கும் தாளுக்கும் நடுவே ஒரு துண்டு நல்ல அட்டை. இதற்கே மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். ஊரில் இந்தக் காந்தம் விற்பவர் ஒருவர்தான். மற்ற இரண்டு கொட்டேஷன் எப்படி வந்தன என்று கேட்காதீர்கள். வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் இருக்க வேண்டும், தாளில் உள்ள எதற்கும் அதுதான் வழக்கமான வரம்பு. செல்போனில் அதற்கு ஒரு செயலி இருக்கிறது, தோராயமாகக் காட்டும். ஓவிய மாணவர்களிடம் விளக்கை விட்டுக்கொடுத்தது இங்கே நல்லதாகப் போயிற்று.

விளக்க அட்டையில் கல்வெட்டின் வாசகத்தை உள்ளபடியே போட்டு, கீழே சொல் பிரித்து, அதற்கும் கீழே இன்றைய தமிழில் இரண்டே வரி. முதலில் பத்து வரி எழுதியிருந்தேன். கூடத்தைப் பெருக்க வந்த அக்கா ஓர் அட்டையின் முன்னால் நின்று, "இதுல என்னதான் சார் சொல்றான்?" என்றார். இரவோடு இரவாக எல்லாவற்றையும் வெட்டினேன். அதிகம் பேர் நின்றது எடுத்தனூர் நடுகல்லின் முன்னால். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம், வட்டெழுத்து. கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துவிட, கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதைச் சொல்கிறது. நாய்க்குப் பெயர் வைத்துக் கல்லிலும் வெட்டியிருக்கிறார்களே என்று பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து செல்ஃபி எடுத்தார்கள்.

திறப்பு விழாவன்று காலை ஐயா வந்தார். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மூலையில் இருந்த தாளைக் காட்டி, "தம்பி, இது ஏன் சிரசாசனம் செய்யுது?" என்றார். தலைகீழாக மாட்டியிருந்தேன். நானேதான், உதவியாளர் இல்லை. பின்பக்கம் பென்சிலில் அம்புக்குறி போட்டு வையுங்கள்.

ஆய்வுரையைக் கருத்தரங்கக் கூடத்தில் வைப்பதுதான் வழக்கம். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து பேசுகிறவருக்கு இருபது நிமிடம் மிஞ்சும். நான் சம்பிரதாயத்தை அங்கே முடித்துவிட்டு, உரையை மட்டும் கண்காட்சி நடந்த கூடத்துக்கு மாற்றினேன். நாற்காலி இல்லை என்பதால் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். முப்பது பேர் போல நின்றார்கள். விளக்கை அணைத்து, டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில் பிடித்தேன். அதுவரை வெறும் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்துகள் நிழலோடு எழும்பின. திரையில் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினாலும் அது வராது. கண்காட்சியையும் உரையையும் தனித்தனி நிகழ்ச்சியாகப் போடாதீர்கள் என்று வருகிறவர்களிடம் நான் தலைதலையாய் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

உரைக்கு எடுத்துக்கொண்டது உத்திரமேரூர்ச் சாசனங்கள், முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921இல் வெட்டியவை. குடவோலை, அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் முறை என்றதும் எல்லோரும் பானையையும் ஓலை எடுக்கும் சிறுவனையும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது தகுதியில்லாதவர் பட்டியல். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவரோடு நிற்கவில்லை, சிற்றன்னை மக்கள், பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று சொந்தக்காரர்களையும் சேர்த்து விலக்குகிறது சாசனம். இதைச் சொன்னபோது பின்வரிசையில் நின்ற கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் மட்டும் கைதட்டினார்.

அவர் ஏன் தட்டினார் என்று பிறகு புரிந்தது. நான் வாங்கிய 25,000 ரூபாய் முன்பணத்துக்குக் கணக்கு முடிக்க ஐந்து மாதம் ஆனது. சாலையோரக் கடையில் வாங்கிய ஆணிக்கு ரசீது இல்லை, ஆட்டோவுக்கு ரசீது இல்லை. அந்த ரூபாய் 840 என் கையை விட்டுப் போனது. மற்ற ரசீதுகளைக் கொடுத்த பிறகும் தணிக்கையில் ஒரு கேள்வி வந்தது: காந்தம் 120 வாங்கியிருக்கிறீர்கள், இருப்புப் பதிவேட்டில் எங்கே? உட்கார்ந்து எண்ணினேன். 117 இருந்தது. மீதி மூன்று என் வீட்டு ஃபிரிட்ஜில், பையனின் பள்ளிக்கூட அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இப்போது 120ம் துறை பீரோவில் இருக்கிறது. அடுத்த மாதம் உலர்தாவரத் தாள்களை, அதாவது காயவைத்த செடிகளை ஒட்டிய தாள்களை, காட்சிக்கு வைக்கப்போகிற தாவரவியல் துறைப் பெண் இரவல் கேட்டிருக்கிறார். தருகிறேன், எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு.