பதினாறாவது போர்டு

இங்கிலாந்தில் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) செஸ் அணி நடத்துபவர்களிடம் எது கஷ்டம் என்று கேட்டால், முதல் போர்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பலத்தின் வரிசைப்படிதான் போர்டு எண் கொடுப்பார்கள்; மேல் போர்டுகளில் ஆடும் பலமான ஆட்டக்காரர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள். ஓபன் பிரிவில் அணிக்கு 16 பேர் வேண்டும். தலைவலி 13 முதல் 16 வரை.

கவுண்டி என்பதே இங்கே பழைய கணக்கு. மிடில்செக்ஸ் கவுண்டி கவுன்சில் 1965-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. செஸ்ஸில் மிடில்செக்ஸ் அணி இன்றும் ஆடுகிறது. எல்லை வரைபடத்தில் இல்லாத ஊருக்காக ஒருவர் சனிக்கிழமையை முழுசாகக் கொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது, பெட்ரோல் காசும் பெரும்பாலும் கைக்காசுதான்.

16 பேர் வேண்டுமென்றால் 24 பேரையாவது கேட்க வேண்டும். பொதுவாக ஒரு மடல் அனுப்பி "யார் யார் வர முடியும்?" என்றால் ஏழெட்டுப் பதில் வரும். பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேட்டால்தான் எண்ணிக்கை ஏறும். மூன்று வாரம் முன்பு ஒரு சுற்று, வியாழக்கிழமை இரவு உறுதி செய்ய இன்னொரு சுற்று. வெள்ளி மாலை காய்ச்சல் என்று இருவர் விலகுவார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஒருவரைக் கூட்டிப்போய் ஆடவிடாமல் உட்காரவைத்தால் அடுத்த முறை அவர் போனை எடுக்க மாட்டார். ஆட்டம் நடக்கும் ஹாலுக்கு அருகில் குடியிருப்பவரிடம் "கூப்பிட்டால் வர முடியுமா?" என்று சொல்லிவைப்பது மேல்.

ஆள் குறைவது முன்பே தெரிந்தால் கடைசி போர்டைக் காலி விட்டு மற்றவர்களை மேலே நகர்த்துவதுதான் முறை. சிக்கல், எந்தப் போர்டில் யார் என்ற பட்டியலை இரு அணிகளும் பரிமாறிக்கொண்ட பிறகு ஆறாம் போர்டுக்காரர் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொள்ளும்போது வரும். அப்போது யாரையும் நகர்த்த முடியாது. அங்கே பலமான எதிராளி ஒருவர் ஆளில்லாத நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நூறு மைல் வந்தவருக்கு ஆடாமலே கிடைக்கும் அந்த ஒரு புள்ளியில் என்ன சந்தோஷம்?

ஹால் வாடகைக்கு எடுக்கும்போது நேரக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆளுக்கு 90 நிமிடமும், நகர்வுக்குக் கூடுதலாக 30 வினாடியும் என்றால் 60 நகர்வு ஆட்டத்துக்கு ஆளுக்கு 120 நிமிடம், மொத்தம் 4 மணி நேரம். 100 நகர்வு போனால் 4 மணி 40 நிமிடம். 2 மணிக்கு ஆரம்பித்தால் 6:40. ஆறு மணிக்கு அதே ஹாலில் பிறந்தநாள் விழா இருந்தால் ரூக் எண்ட்கேமுக்கு (யானைகள் மிஞ்சிய கடைசிக் கட்டத்துக்கு) நடுவே பலூன் வந்து நிற்கும். பகல் 12:30 முதல் இரவு 7:30 வரை எடுங்கள். ஆறடி மேசைக்கு இரண்டு போர்டு போடலாம். மூன்று போட்டால் பக்கத்துக்காரர் முழங்கை நீங்கள் நகர்வுகளை எழுதும் ஸ்கோர்ஷீட்டில் இருக்கும். ஆட்டம் முடித்தவர்கள் அலசிப் பேச வேறு அறை வேண்டும். இல்லாவிட்டால் முணுமுணுப்பிலேயே சண்டை வரும்.

பெரும்பாலான ஆட்டங்களுக்கு நடுவர் கிடையாது; இரண்டு கேப்டன்களும் பேசி முடிக்க வேண்டும். கேப்டனே ஆட்டமும் ஆடுகிறார் என்றால் இங்கே அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே பஞ்சாயத்து. அதிகம் வரும் தகராறு சட்டவிரோத நகர்வு. முதல் தவறுக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். டிஜிட்டல் கடிகாரத்தில் எப்படிக் கூட்டுவது என்று அறையில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் அதிர்ஷ்டம். டிஜிடி (DGT) நிறுவனக் கடிகாரம் என்றால் நிறுத்தும் பொத்தானை ஒருமுறை தட்டி, பிறகு சில வினாடி அழுத்திப் பிடித்தால் திருத்தும் நிலைக்குப் போகும். இருபக்க நேரத்தையும் இலக்கம் இலக்கமாக உறுதி செய்துகொண்டே வர வேண்டும். அவசரத்தில் ஒரு இலக்கம் மாறினால் புதுத் தகராறு. நிறுத்தியதும் இரு பக்க நேரத்தையும் தாளில் எழுதிக்கொண்டு அப்புறம் பொத்தானைத் தொடுங்கள்.

8-8 என்று முடிந்தால் ஜெயித்த போர்டுகளின் எண்களைக் கூட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு அணி 2, 5, 11-ஆம் போர்டுகளில் ஜெயித்தது, கூட்டினால் 18. மற்றது 3, 8, 12-இல் ஜெயித்தது, 23. மீதி பத்தும் டிரா. குறைந்த கூட்டல் உள்ள அணிக்கு வெற்றி. கூட்டலும் சமமானால் கீழிருந்து ஒவ்வொரு போர்டாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். மிக அடியில் தோற்ற அணிக்கு லாபம். விதி எதுவென்று ஆட்டம் தொடங்குமுன் இரு கேப்டன்களும் சேர்ந்து படித்துவிடுங்கள். ஏழு மணிக்குக் களைத்த கண்ணோடு படித்தால் ஆளுக்கொரு அர்த்தம் வரும்.

கிளம்பும்முன் காய்களை எண்ணுங்கள். சிப்பாய் ராணியாக மாறும்போது வைக்கும் கூடுதல் ராணிகள் இரண்டையும் சேர்த்து செட்டுக்கு 34, பதினாறு செட்டுக்கு 544. காணாமல் போவது பெரும்பாலும் அந்தக் கூடுதல் ராணிதான். ஸ்கோர்ஷீட் கத்தைக்கு அடியில் தேடிப் பாருங்கள்.