நேட்டால் கப்பல் பட்டியல்: தேடல் குறிப்புகள்

மார்ச் 3
தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனிக்குக் கூலியாகப் போன முன்னோரைக் கப்பல் பட்டியலில் குடும்பப்பெயரை வைத்துத் தேடினால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். பிடிக்க வேண்டியது காலனி எண். ஒப்பந்தக் கூலியாக டர்பனில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், குழந்தைகளுக்கும்கூட, ஓர் எண் உண்டு. பழைய கல்யாணப் பதிவு, பிறப்புப் பதிவு எது கிடைத்தாலும் முதலில் அந்த எண் இருக்கிறதா பாருங்கள். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்கு இந்த எண் கிடையாது.

மார்ச் 4
முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-ல் டர்பன் வந்தது. 1866-ல் ஆள் எடுப்பது நின்று, 1874-ல் மறுபடி தொடங்கி, 1911-ல் முடிந்தது. “கொள்ளுத்தாத்தா 1870-ல் கூலியாக வந்தார்” என்று வீட்டில் சொன்னால் வருஷம் தப்பு.

மார்ச் 9
பட்டியலில் குடும்பப்பெயருக்கென்று கட்டமே இல்லை. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். இவைதான் முக்கியம். குடும்பப்பெயர் பின்னால் ஒட்டியது. முதலி ‘மூட்லி’ ஆனது, நாயக்கர் ‘நைக்கர்’ ஆனது. பலருக்குத் தகப்பன் பெயரே நிலைத்தது. அண்ணன் பெருமாள், தம்பி பிள்ளை என்று ஒரே வீட்டில் இரண்டு குடும்பப்பெயர் வந்தது இப்படித்தான். அங்கே போன பிறகு பிள்ளை, நாயக்கர் போன்ற சாதிப் பட்டம் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே பட்டத்தைப் பார்த்துச் சாதியை முடிவுகட்டுவது அபத்தம்.

எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். ஆங்கிலத்தில் கந்தசாமியை K, C இரண்டிலும், பெரியசாமியை P, B இரண்டிலும் தேடுங்கள். முனியம்மாக்கள் நூற்றுக்கணக்கில் வருவார்கள். தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால்தான் நம் ஆள். வயது நாலைந்து வருஷம் முன்னே பின்னே இருக்கலாம்.

மார்ச் 14
சென்னையில் கப்பல் ஏறியவர் சென்னைக்காரர் என்று அர்த்தமில்லை. கப்பல் ஏறும்வரை கூலிகளைத் தங்கவைத்த டிப்போ அங்கே இருந்தது. ‘வட ஆர்க்காடு’ என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் மட்டுமல்ல, ஆந்திராவின் சித்தூர்ப் பக்கமும் சேர்த்துத்தான். ‘வாண்டிவாஷ்’ நம் வந்தவாசி. ‘புதூர்’ என்று மட்டும் இருந்தால் தாலுகா இல்லாமல் நகர முடியாது; ‘கீழ்’, ‘மேல்’ விடுபட்டிருக்கும்.

மார்ச் 16
ஊருக்குப் போனதும் பட்டா, சிட்டா என்று தாலுகா ஆபீஸில் நாளைக் கழிக்க வேண்டாம். கூலிக்குப் போனவர்களில் பலருக்கு நிலமே கிடையாது. குலதெய்வம் எது, பங்காளிகள் யார் என்று கோயில் பூசாரியிடம் கேளுங்கள். கையில் தகப்பன் பெயரும், எண்ணில் முன்பின் வரிசையில் இருப்பவர்களின் பெயர்களும் இருக்கட்டும். மனைவி, மக்கள், சில சமயம் அதே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்த எண்ணில் இருப்பார்கள்.