டிஸ்னி பின் மாற்று: மலிவு மூட்டையில் தொடங்கும் தொல்லை

ஆர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டுக்குப் பிள்ளைகளோடு கிளம்புகிறவர்கள் பலர், பயணத்துக்கு முன்பே இணையத்தில் டிஸ்னி பின்களை, அதாவது டிஸ்னி பாத்திரங்கள் உள்ள, உடையில் குத்திக்கொள்ளும் சிறு உலோகப் பதக்கங்களை, ஐம்பது, நூறு என்று மூட்டையாக வாங்கி வைத்துவிடுகிறார்கள். பூங்காக் கடையில் ஒரு பின் பத்து டாலரிலிருந்து இருபது டாலர் வரை. மூட்டையில் ஒன்றுக்கு ஒரு டாலர்கூட ஆகாது. எந்தப் பின்னைக் கொடுத்தாலும் பூங்கா ஊழியர் தன்னிடம் உள்ள வேறொன்றை மாற்றித் தருவார் என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். சொன்னது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

1999 அக்டோபரில், புத்தாயிரமாண்டுக் கொண்டாட்டத்தோடு சேர்த்து டிஸ்னி வேர்ல்டு இந்தப் பின் மாற்றும் பழக்கத்தைத் தொடங்கியது. பிறகு கலிஃபோர்னியா, பாரிஸ் என்று மற்ற பூங்காக்களுக்கும் போனது. டோக்கியோவில் மட்டும் இன்று இந்தப் பழக்கம் கிடையாது. விதிகள் சுருக்கமானவை. பின் உலோகத்தில் எனாமல் பூசியதாக இருக்க வேண்டும்; ரப்பர், பிளாஸ்டிக் செல்லாது. டிஸ்னி பாத்திரமோ பூங்காவோ அதில் இருக்க வேண்டும், முதுகுப்பக்கத்தில் டிஸ்னியின் காப்புரிமைக் குறி வேண்டும். ஊசியின் ரப்பர் மூடியை மாட்டியபடியே கையில் கொடுக்க வேண்டும். ஒரு ஊழியரிடம் ஒரு நாளைக்கு இரண்டு பின் வரை மாற்றலாம். அவரிடம் ஏற்கெனவே இருக்கும் பின்னையே நீட்டினால் வாங்க மாட்டார். அவர் பின்களைக் குத்தித் தொங்கவிட்டிருக்கும் கழுத்துப் பட்டையான லேன்யார்டைத் தொடாமல், எது வேண்டும் என்று விரலால் காட்டினால் போதும், அவரே கழற்றித் தருவார். ரசிகர்கள் தாங்களாகவே வடிவமைத்து அடிக்கும் ஃபேன்டஸி பின்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஊழியரிடம் செல்லாது.

இந்த விதிகளுக்குள் வரும் பின்னை ஊழியர் மறுப்பதில்லை. அவரிடம் விலை என்ற பேச்சே இல்லை. பெட்டியில் பின்களை விரித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சேகரிப்பாளரிடம் போனால் எல்லாமே விலைதான். அவர் தலையசைக்காமல் போகலாம், அதற்குக் காரணமும் சொல்லத் தேவையில்லை. கழுத்தில் தொங்கும் லேன்யார்டு ஒன்றேயானாலும் இவை இரண்டு வேறு சந்தைகள். ஊழியரிடம் செல்லுபடியாகும் பின்னைச் சேகரிப்பாளரிடம் நீட்டும்போதுதான் புதியவருக்கு முதல் அடி விழுகிறது. அவர் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். ‘ஸ்கிராப்பர்’ என்று ஒரே சொல்லோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஸ்கிராப்பர் என்பதில் மூன்று வகை கலந்திருக்கிறது: ஆலையின் தரச் சோதனையில் கழித்துப் போட்டவை, ஆர்டருக்கு மேல் திருட்டுத்தனமாக அடித்தவை, அசலைப் பார்த்துப் புதிதாக அச்சு செய்து போட்ட முழுப் போலிகள். முதல் இரண்டும் அசல் அச்சிலேயே வந்தவை என்பதால்தான் கண்டுபிடிப்பது சிரமமாகிறது.

மூட்டைகளில் அதிகம் கிடப்பவை ‘ஹிடன் மிக்கி’ பின்கள். முன்பக்கத்தில் எங்காவது ஒரு சின்ன மிக்கி தலை ஒளிந்திருக்கும். முதுகில் தொடரின் பெயரும், ஐந்தில் மூன்றாவது என்பது போன்ற எண்ணும் இருக்கும். இவை கடையில் விற்பதற்காக வந்தவை அல்ல. ஊழியரிடம் மாற்றித்தான் பெற முடியும், அதுவும் ஒரு ஊழியரிடம் நாளைக்கு இரண்டு. அப்படியிருக்க, ஒரே விற்பனையாளரிடம் புத்தம் புதிய ஹிடன் மிக்கி ஆயிரக்கணக்கில் எப்படிச் சேரும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி மூட்டைகளை விட்டு விலகிவிடலாம்.

கையில் இருக்கும் பின்னைச் சோதிக்க முன்பக்கத்தை முதலில் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். எனாமலில் குழியோ குமிழோ இருக்கிறதா, ஒரு நிறம் உலோகக் கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விளிம்பை விரலால் தடவுங்கள். அசலில் வழவழப்பாக இருக்கும். போலியில் சொரசொரப்பாகவோ, வெட்டிய பிசிறோடோ இருக்கும். அடுத்து முதுகு. சமீபத்திய பின்கள் பலவற்றின் முதுகில் மிக்கி தலைகள் வரிசையாக அச்சாகியிருக்கும், இதை வாஃபிள் முதுகு என்பார்கள். அசலில் அந்த வரிசை விளிம்பு வரை ஓடி, ஓரத்துத் தலைகள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். போலிகள் பலவற்றில் விளிம்புக்குள் ஒரு வெற்றுக் கரை சுற்றிவரும், அல்லது தலைகள் மழுங்கிக் கிடக்கும். எழுத்துகளும் அப்படியே: காப்புரிமைக் குறியைச் சுற்றிய வட்டம் அடைபட்டிருந்தால் சந்தேகப்படலாம்.

இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. வாஃபிள் முதுகே இல்லாத பழைய அசல்கள் உண்டு. கரை இருக்கும் அசல்களும் உண்டு. குறைந்தது இரண்டு மூன்று அறிகுறிகளாவது சேர்ந்து வர வேண்டும். எல்லாவற்றையும்விட நம்பகமான வழி, அதே பின்னின் அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நிறம் ஒரு சாயல் மாறியிருப்பதும் எடை குறைந்திருப்பதும் அப்போது சட்டென்று தெரிந்துவிடும். பூங்காவில் பின் மாற்றுவதற்கென வைத்திருக்கும் பலகைகளில் தொங்குபவற்றிலும் கணிசமானவை பிறர் கொண்டுவந்து தள்ளிய போலிகளே. பிடித்த பின்னைக் கண்டால், எடுத்துத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; ஊழியர்கள் முகம் சுளிப்பதில்லை.

மூட்டை வேண்டாம் என்றால் மாற்றுவதற்கு எதைக் கொண்டுபோவது? டிஸ்னியே விற்கும் பூஸ்டர் பேக்குகளில் நான்கைந்து பின்கள் இருக்கும்; தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு, அசல் என்பதிலும் ஐயமில்லை. ஆர்லாண்டோவின் பிரீமியம் அவுட்லெட் வளாகங்களில் உள்ள கேரக்டர் வேர்ஹவுஸ் கடைகளில் பழைய சரக்கு தள்ளுபடிக்கு வரும், சில நாட்களில் பின்களும் இருக்கும். நான்கு நாள் பயணத்துக்கு ஒரு பிள்ளைக்குப் பத்துப் பின் தாராளம். கொடுத்து வாங்கியதையே மறுபடி மாற்றிக்கொண்டே போகலாமே, நூறு எதற்கு?

அடுத்த குழப்பம் பதிப்பு வகை. ஓ.இ. என்றால் திறந்த பதிப்பு: தேவை இருக்கும்வரை அடிப்பார்கள். எல்.ஆர். என்றால் குறுகிய கால வெளியீடு: கொஞ்ச காலம் மட்டும் வரும், எண்ணிக்கை சொல்லமாட்டார்கள். எல்.இ. என்றால் எண்ணிக்கை வரம்புள்ள பதிப்பு: எத்தனை அடித்தார்கள் என்பது முதுகிலேயே இருக்கும். எண் சிறியதாக இருந்தால் மதிப்பு பெரியது என்று புதியவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அது சரிவராது. யாரும் தேடாத பாத்திரத்தின் ஐந்நூறு பிரதி பின்னைவிட, ஸ்டிட்ச், ஃபிக்மென்ட் போன்று பலர் தேடும் பாத்திரம் உள்ள இரண்டாயிரம் பிரதி பின் சீக்கிரம் கைமாறும். எங்கே வெளியானது என்பதும் முக்கியம். ஹாலிவுட்டில் டிஸ்னியின் சோடா ஃபவுன்டன் கடை முன்பு வெளியிட்ட பின்களையும், பூங்காக்களை வடிவமைக்கும் இமேஜினியரிங் பிரிவின் ஊழியர்களுக்கென்று க்ளென்டேலில் விற்கும் பின்களையும் தேடி அலைகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றுக்கு நான்கு ஹிடன் மிக்கியை நீட்டுவது, தீப்பெட்டிப் படம் நாலு கொடுத்து வெள்ளிக் காசு கேட்பது போலத்தான். தராததற்குக் கோபித்துக்கொண்டு பயனில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. பெற்றோர் கடையில் புதிதாக வாங்கிக் கொடுத்த எல்.இ. பின்னோடு வரும் பிள்ளையிடம், பளபளக்கும் இரண்டு போலிகளைக் காட்டி அதைப் பறித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சேகரிப்பாளர்களே இதைச் ‘ஷார்க்கிங்’ என்று திட்டுகிறார்கள். பிள்ளையின் லேன்யார்டில் மாற்றுவதற்கானவை மட்டும் தொங்கட்டும். வைத்துக்கொள்ள வேண்டியது அறையிலேயே இருக்கட்டும். ‘ரெண்டு தர்றேன், ஒண்ணு குடு’ என்று யாராவது தாமாக முன்வந்தால், அந்த ஒன்று என்ன விலைக்குப் போகிறது என்று ஃபோனில் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம். அவசரப்படுத்துகிறவரிடம் மாற்றவே வேண்டாம்.

இணையத்தில் பேசித் தபாலில் பின் மாற்றுவதற்கு வந்தால் பேச்செல்லாம் சுருக்கெழுத்தில் நடக்கும். ஐ.எஸ்.ஓ. என்றால் தேடுகிறேன், என்.எஃப்.டி. என்றால் மாற்றுவதற்கு இல்லை, எச்.எம். என்றால் ஹிடன் மிக்கி. முன் அனுபவச் சான்று இல்லாதவர்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பது பரவலான வழக்கம். புதியவருக்கு இது கசக்கும், ஆனால் தவிர்க்க முடியாது. அதனால் முதல் சில மாற்றங்களை, போனாலும் வருத்தப்படாத பின்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் இரு பக்கமும் படம் கேளுங்கள், அன்றைய தேதி எழுதிய தாள் பக்கத்தில் தெரிய வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த படத்தை அனுப்புகிறவரிடம் பின்னே இல்லாமல் இருக்கலாம். இரண்டு பின்களின் மதிப்பு வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பதானால் பேபாலில் பொருள், சேவைக்கான முறையில் மட்டும் கொடுங்கள்; நண்பர், குடும்பத்தினருக்கான முறையில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு இல்லை.

பொதியும்போது ரப்பர் மூடியை மாட்டி, பின்னைச் சிறிய ஜிப் உறையில் போட்டு, ஊசியை விடத் தடிமனான இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து ஒட்டுங்கள். அதன் பிறகே குமிழி உறை. சாதாரணக் கடித உறையில் போட்டால், தபால் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகள் நசுக்கும்போது ஊசி உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வெறும் உறை மட்டும் போய்ச் சேர்ந்த கதைகள் ஏராளம். கண்காணிப்பு எண் இல்லாமல் அனுப்பவே கூடாது.

ரப்பர் மூடி பற்றி ஒன்று. மாற்றுவதற்கு அது வசதி, அணிவதற்கு ஆகாது. கூட்டத்தில் உரசும்போதும் ரைடுகளில் குலுங்கும்போதும் கழன்றுவிடும், பின் போனதே மாலையில்தான் தெரியும். அணிகிறவற்றுக்குத் திருகாணி வைத்துப் பூட்டும் மூடிகள் கிடைக்கின்றன. அதற்கான சிறிய ஆலன் சாவியையும், மாற்றும்போது போட உதிரி ரப்பர் மூடிகள் சிலவற்றையும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஆல்பத்தில் வைப்பதானால் இரண்டு பக்கங்களுக்கு நடுவே ஃபோம் தாள் ஒன்றைச் செருகுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கத்து ஊசி, எதிர்ப்பக்கத்துப் பின்னின் எனாமலில் கோடு போட்டுவிடும். கீறல் விழுந்த பின்னைச் சேகரிப்பாளர் வாங்க மாட்டார்.