டிசம்பர் கச்சேரிக்கு ரசிகர் மெயில்: ஒரு நாட்குறிப்பு

நவம்பர் 3, திங்கள்

மார்கழி நெருங்கினால் சென்னை ரசிகரின் இன்பாக்ஸில் சபா அட்டவணையும் டிக்கெட் விற்பனையும் வந்து குவியும். தானே பாட்டு எழுதி, தானே மேடை பிடிக்கிற சுயாதீனக் கலைஞரின் மெயிலும் அந்த நெரிசலில்தான் போய் நிற்க வேண்டும். மந்தைவெளியில் ஒரு சின்ன அரங்கு, டிசம்பர் 21 ஞாயிறு கச்சேரி என்று வைத்துக்கொண்டு, வேலை நடக்கிற வரிசையில் எழுதிப் போகிறோம்.

முதல் வேலை, பட்டியலைச் சுத்தம் செய்வது. அரங்கு வாசலில் நோட்டில் எழுதி வாங்கிய முகவரிகளில் பாதி தப்பாகத்தான் இருக்கும்: ‘காம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கான்’, 1-ஆ எல்-ஆ என்று தெரியாத எழுத்து. நோட்டுக்குப் பதில் க்யூஆர் அட்டை வைத்தால் அவரவரே தட்டச்சு செய்துவிடுவார்கள். படிவத்தில் பெயர், மெயில், ஊர் மூன்றும் போதும். ஊரை விட்டுவிடாதீர்கள், கோவையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவருக்கு மந்தைவெளி டிக்கெட் எதற்கு? அவர்களுக்குப் பாட்டு லிங்க் மட்டும் போகட்டும்.

நண்பரின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து முகவரி எடுத்துச் சேர்ப்பது வேண்டாம், அவர்கள் நமக்கு ஒப்புதல் தரவில்லையே. ஒப்புதல் தருவது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

நவம்பர் 6, வியாழன்

சொந்த ஜிமெயிலில் பிசிசி (பெறுபவர் ஒருவர் முகவரியை ஒருவர் பார்க்காத நகல்) போட்டு அனுப்பிவிடலாமே என்று தோன்றும். ஒரு நாளைக்கு 500 பேர் என்ற வரம்பு ஒரு பக்கம், விலகுவதற்கு லிங்க் இல்லை என்பது இன்னொரு பக்கம். வழி தெரியாத ரசிகர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது என்பது கூகுளின் கணக்கு. 300 பேர் பட்டியலில் ஒருவர் அழுத்தினாலே 0.33 ஆகிவிடும். சின்னப் பட்டியல்காரர்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே சொந்த டொமைன் (உங்கள் பெயரில் ஓர் இணைய முகவரி), பட்டியலுக்கு மொத்தமாக அனுப்பித் தரும் ஒரு மெயில் சேவை. அனுப்புநர் முகவரியில் ஜிமெயிலைப் போட்டுவிட்டு வேறு சேவையின் சர்வரிலிருந்து அனுப்பினால் சரிபார்ப்பில் தோற்கும். மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்று பதிவுகளையும் டொமைனில் போட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவருக்கு 2024 பிப்ரவரியிலிருந்து இது கட்டாயம். 300 பேருக்கு அனுப்புபவருக்கும் இதுவே பாதுகாப்பு. பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். பழையது இருக்க, மெயில் சேவை கொடுத்ததை இரண்டாவதாக ஒட்டினால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும்.

நவம்பர் 12, புதன்

இன்று எழுத்து வேலை. சப்ஜெக்ட் வரியில் ‘மார்கழி ஸ்பெஷல்! தவறவிடாதீர்கள்!!!’ என்று போட்டால் யார், எங்கே, எப்போது என்ற மூன்றில் ஒன்றுகூடத் தெரியாது. போனில் முதல் முப்பது, நாற்பது எழுத்துகள்தான் கண்ணில் படும். இப்படி இருக்கட்டும்:

‘டிச. 21 மாலை 6.30, மந்தைவெளி: ஐந்து புதுப் பாட்டு’

அதற்கடுத்துச் சாம்பல் நிறத்தில் தெரியும் முன்னோட்ட வரியை வெறுமனே விட்டால் ‘இந்த மெயில் சரியாகத் தெரியவில்லையா?’ என்ற வார்ப்புரு வாசகம் அங்கே வந்து உட்கார்ந்துவிடும். ‘டிக்கெட் 300 ரூபாய், 90 இருக்கை. பறக்கும் ரயிலில் வரலாம்’ என்று நாமே நிரப்பிவிட வேண்டும்.

உள்ளே முதல் பத்தியில் பாட்டைப் பற்றி, வேறெங்கும் கிடைக்காத ஒரு தகவல். ‘மனதை உருக்கும் இசை’ என்று எழுதுவது வீண். அதைக் கேட்பவர் சொல்லட்டும். மாறாக: ‘மூன்றாவது பாட்டில் தபலா கிடையாது. உடுக்கையும் தம்புராவும் மட்டும். பல்லவி வருவதற்கு இரண்டு நிமிடம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.’ படித்தவருக்கு அந்த இரண்டு நிமிடம் எப்படி இருக்கும் என்று கேட்கத் தோன்றும். அதன் கீழேயே நாற்பது விநாடி மாதிரிக்கு லிங்க்.

பிறகு ஒரே ஒரு பொத்தான்: டிக்கெட். யூடியூப், இன்ஸ்டாகிராம், டி-ஷர்ட் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் கை எதையாவது தொட்டுவிட்டு அங்கேயே போய்விடும். பார்க்கிங் உண்டா, குழந்தைகளை அழைத்து வரலாமா, எத்தனை மணிக்கு முடியும்? இவை டிக்கெட் வாங்குவதற்கு முன் வீட்டில் எழுகிற கேள்விகள். பதிலை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். ‘நோ-ரிப்ளை’ முகவரியிலிருந்து அனுப்புவதைப்போல ரசிகரை அவமதிப்பது வேறில்லை.

நவம்பர் 14, வெள்ளி

போஸ்டரை அப்படியே படமாக ஒட்டி அனுப்பும் வழக்கம் இங்கே அதிகம். படம் தடைபட்டால் வெறும் வெள்ளைக் கட்டம். பிறகு தேடினாலும் அகப்படாது. நாள், இடம், விலை எழுத்தாகவே இருக்கட்டும். படம் ஒன்று போதும், 600 பிக்சல் அகலத்தில், மாற்று வாசகத்துடன் (படம் வராதபோது அதன் இடத்தில் தெரியும் வரி). அலங்காரத் தமிழ் எழுத்துரு ஜிமெயிலில் தெரியாது. ரசிகரின் போனில் உள்ள எழுத்துருவில்தான் வரும்.

சுமார் 102 கேபி தாண்டினால் ஜிமெயில் மெயிலை வெட்டிவிடும். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியீட்டுக்கும் 3 பைட். ‘கொ’ என்பது இரண்டு குறியீடு, ஆக 6. ஆனாலும் குற்றவாளி பெரும்பாலும் தமிழ் அல்ல, வேர்டிலிருந்து வெட்டி ஒட்டும்போது கூடவே வருகிற வடிவமைப்புக் குப்பை. வெறும் எழுத்தாக ஒட்டி, பிறகு வடிவமையுங்கள். வெட்டுப்படுவது அடிப்பகுதி, விலகும் லிங்க் இருப்பதும் அங்கேதான்.

நவம்பர் 21, வெள்ளி

முதல் மெயில் போகிறது. அதற்கு முன் ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி மூன்றிலும் ஒரு சோதனை. பெயர் இல்லாதவருக்கு ‘வணக்கம் ,’ என்று காற்புள்ளி தொங்குகிறதா என்பதையும் பாருங்கள். அடுத்தது டிசம்பர் 11, டிக்கெட் வாங்காத சென்னைக்காரருக்கு மட்டும். வாங்கியவருக்கு 20-ஆம் தேதி வழி சொல்லும் மெயில்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். மெயிலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். 2021-இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதி, ரசிகர் பார்க்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால் திறந்ததாகக் கணக்காகும். கிளிக், பதில், டிக்கெட். இவைதான் கணக்கு.

டிசம்பர் 2, செவ்வாய்

மழைக்காலம். தள்ளிவைப்பு மெயிலை இப்போதே எழுதி வரைவில் போட்டு வையுங்கள். கரண்ட் போன பிறகு போனில் அடிக்கும் மெயிலில் தேதி தப்பும். சப்ஜெக்ட்டிலேயே முடிவு: ‘மழை: கச்சேரி டிச. 28-க்கு மாற்றம், அதே அரங்கு’. பழைய டிக்கெட் செல்லும், பணம் வேண்டுமானால் எந்த நாளுக்குள் கேட்க வேண்டும் என்ற இரண்டும் முதல் பத்தியில். இந்த மெயிலில் படம் வேண்டாம், பாட்டு லிங்க்கும் வேண்டாம்.

டிசம்பர் 22, திங்கள்

வந்தவருக்கு இன்றோ நாளையோ நன்றி மெயில், கச்சேரியில் பதிவான ஒரு பாட்டுடன். வாங்கச் சொல்லி எதுவும் இதில் இருக்கக்கூடாது. மெயில் போய்ச் சேராமல் திரும்பி வந்த முகவரிகளை இன்றே நீக்குங்கள். விலகியவரை ‘ஏன் போனீர்கள்?’ என்று கேட்டு மெயில் போடாதீர்கள்.