அஞ்சறைப் பெட்டி

"அடுப்புப் பக்கத்துல இருந்தாத்தான் கண்ணு எனக்கு ஞாபகம் வரும்."

ஆத்தா சொன்னது இவ்வளவுதான். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எந்த வீட்டுப் படி ஏறினாலும் இந்தப் பேச்சும் கூடவே ஏறி வருகிறது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், வீடு தேடிப் போய் மருந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருடம் நான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மகளிர் குழுவிலிருந்து வந்தவள். வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரஷர் பார்க்க வேண்டும், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், மாத்திரை கொடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். போன மாத மாத்திரை எத்தனை மிச்சம் என்று எண்ணுவேன். அந்த எண்ணிக்கைதான் என் வேலைக்கு மதிப்பெண் மாதிரி இருந்தது.

ஆத்தா வீட்டில் ஒவ்வொரு மாதமும் மூன்று நான்கு மாத்திரை மிஞ்சும். வயது எழுபதுக்கு மேல். மகன் குடும்பத்தோடு திருப்பூரில். இவருக்குத் துணை இரண்டு வெள்ளாடுகள். சர்க்கரைக்குக் காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலையில் அதோடு கிளைமிபிரைடு, இரவில் பிரஷருக்கு அம்லோடிபின். பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. பெருசு, சிறுசு, ராத்திரி மாத்திரை, அவ்வளவுதான்.

அன்று மாத்திரையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அடுப்பு மேடையிலிருந்து அஞ்சறைப் பெட்டியை எடுத்துவந்து மூடியைத் திறந்தார். நசுங்கிய பழைய எவர்சில்வர் பெட்டி. ஏழு கிண்ணங்கள். கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள்தூள். மீதி இரண்டு கிண்ணத்தில் அட்டையிலிருந்து பிரித்துக் கொட்டிய மாத்திரைகள். ஒன்றில் காலைக்கு, ஒன்றில் ராத்திரிக்கு. பெரிய மாத்திரை ஒன்றின் ஓரத்தில் மஞ்சள் படிந்திருந்தது. கையில் எடுத்தேன், விளிம்பு மாவாக உதிர்ந்தது.

எனக்குப் பகீர் என்றது. அதில் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அட்டையைப் பிரித்து வைத்தால் மாத்திரை ஈரம் வாங்கும். அடுப்பு ஆவி வேறு. அந்தக் கிண்ணத்து மாத்திரை இந்தக் கிண்ணத்தில் விழுந்தால் யார் கண்டது? அதனால் இரண்டு காகிதக் கவர் எடுத்தேன். ஒன்றில் சூரியன் வரைந்தேன், மற்றதில் பிறை. படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வழக்கமாகச் செய்வது. அட்டையை வேளைக்கேற்பக் கத்தரித்துப் போட்டு, முன்னறையில் கட்டிலுக்கு நேராக இருந்த ஆணியில் மாட்டினேன்.

"இது மசாலாப் பெட்டிங்காத்தா, மருந்தை இதுல வைக்கக் கூடாது."

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். அடுப்புப் பக்கத்தில் இருந்தால்தான் ஞாபகம் வரும் என்று.

"ஆணியில மாட்டினா கண்ணுக்கு நேரா இருக்குதுல்ல? எந்திரிச்சதும் தெரியுமே" என்றேன் நான். அவர் ஆணியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "செரி கண்ணு. படிச்ச புள்ள, நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்."

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

என்ன ஞாபகம் வரும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். காலையில் ஆட்டுக்குத் தழை போட்டு, வாசல் கூட்டி, ஒன்பது மணிவாக்கில் தாளிக்கப் பெட்டியைத் திறப்பார். திறந்ததும் மாத்திரை கண்ணில் படும். எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொள்வார். முதல் வாய்ச் சோற்றோடு உள்ளே போகும். சோறு இல்லாமல் அந்தப் பெட்டி திறக்காது. கிளைமிபிரைடு கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். இதை வகுப்பில் படித்தவள் நான். வகுப்புக்குப் போகாத ஆத்தா அதைத் தன் அடுக்களையில் நடத்திக்கொண்டிருந்தார். மாதம் மூன்று நான்கு மிஞ்சியது ஏன் என்பதும் பிறகுதான் புரிந்தது. அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம். அன்றைக்குக் காலையில் சமையல் கிடையாது, அதனால் மாத்திரையும் கிடையாது.

அதே சமயம் அந்தப் பெட்டி முழுக்கச் சரி என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. உதிர்ந்த மாத்திரை உதிர்ந்த மாத்திரைதான். விரதம் என்று பிரஷர் மாத்திரையையும் சில ராத்திரிகள் விட்டிருக்கிறார். இன்னொரு வீட்டில் இதே மாதிரி ஒரு பெட்டியைப் பார்த்தால் சும்மா வந்துவிடுவேனா? மாட்டேன்.

கவர் மாட்டிப் பன்னிரண்டாவது நாள் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். ஆத்தா அடிபம்பு அருகே உட்கார்ந்துவிட்டாராம், உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறுகிறதாம். முழுங்க முடிகிறதா என்று கேட்டேன். முடிகிறது என்றார். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் போவதற்குள் கால் மணி நேரம் ஆகியிருக்கும். குத்திப் பார்த்தேன், 74. சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகு 74 என்றால் அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும்? 70க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும் என்பார்கள்.

"வெயிலுங்கண்ணு, ஒண்ணுமில்ல" என்றார். மணி பத்தரை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். இன்னும் இல்லை, ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன் என்றார். மாத்திரை?

"விடியறப்பவே போட்டுட்டேன். சூரியன் போட்டிருந்தியே."

இதுவரைக்கும் நடந்ததை ஒரு தப்பு என்று எடுத்துக்கொண்டு என்னால் தூங்க முடியும். நல்லது நினைத்துச் செய்தேன், ஒரு கேள்வி கேட்கத் தவறினேன், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைத் தூங்க விடாதது அதற்குப் பிறகு நான் சொன்ன ஒரு வாக்கியம்.

செவிலியர் அக்காவுக்குப் போன் செய்து, "சாப்பிடாம மாத்திரை போட்டிருக்காங்கக்கா" என்றேன். பதிவேட்டிலும் அதையே எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பெட்டியை மாற்றியது யார், சூரியன் வரைந்தது யார் என்பது அதில் இல்லை. டாக்டர் அந்தச் சின்ன மாத்திரையை நிறுத்திவிட்டு மெட்ஃபார்மினை மட்டும் தொடரச் சொன்னார். வயதானவர்களுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை, இறங்கக் கூடாது என்றார். சரியான முடிவு. நான் முழுசாகச் சொல்லியிருந்தாலும் அதேதான் செய்திருப்பார் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்த வாக்கியம் மகன் காதுக்கும் போனது. ஸ்பீக்கரில் அவர் கத்தியது எனக்கே கேட்டது. "சாப்புட்டுட்டு மாத்திரை போடோணும்னு தெரியாதா? சொன்னாக் கேக்கறதே இல்ல. இனி அங்க தனியா இருக்க வேண்டாம், கிளம்பி வா." ஆத்தா போனை மடியில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அவர் என்னைப் பார்த்தார். நான் கருவியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது.

கவர் நான் மாட்டியது என்று அவர் மகனிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, என் வேலைக்கு ஏதாவது வந்துவிடும் என்று விட்டுவிட்டாரா, தெரியாது. கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

அடுத்த மாதம் போனபோது அந்தக் கவரை நானே கழற்றினேன். அட்டையைப் பிரிக்காமல், சின்ன டப்பாவில் போட்டு, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாங்களா ஆத்தா என்றேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

"வேண்டாங்கண்ணு. நீ மாட்டுன எடத்துலயே இருக்கட்டும்."

மறுபடி ஆணியில் மாட்டினேன். திருப்பூருக்கு அவர் போகவில்லை, ஆடுகளும் இருக்கின்றன. இப்போதெல்லாம் நான் போனால் நிறையக் கேட்கிறார். மோர் குடிக்கலாமா, தலைக்குக் குளிக்கலாமா, ஆட்டை மேட்டுப் பக்கம் ஓட்டலாமா. முன்பு ஒருநாளும் கேட்டவர் இல்லை.

போன வாரம் பிரஷர் 130க்கு 80. கவர் இரண்டும் காலி. ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை, பதிவேட்டில் அப்படியே எழுதினேன்.

"அமாவாசை அன்னிக்கு என்ன பண்ணுனீங்காத்தா?"

"காலையிலயே சாப்புட்டுட்டுப் போட்டேன். விரதம் இருக்கலாம்னு நீ சொல்லலியே கண்ணு."