மெய்ப்பில் ஒரு வட்டம்

வார இதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் என் தலையில் விழுந்த வேலை, வெளிநாட்டுக் குற்றக் கதைகளைத் தமிழில் எழுதுவது. வாரம் 4 பக்கம். செவ்வாய்க்கிழமை இரவுக்குள் முடித்துத் தந்துவிட வேண்டும். ஓராண்டுக்குள், ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் பிணக்கூறாய்வு விவரமுமாக உட்காரும் அளவுக்குத் தேறிவிட்டேன். வீட்டில் இதைச் சொன்னதில்லை.

மாத்தமோரோஸ் வழக்கை எடுத்தபோது, இது இரண்டு வாரம் ஓடும் என்று ஆசிரியர் மகிழ்ந்தார். மாத்தமோரோஸ் மெக்சிகோவின் வடகிழக்கு எல்லையில் உள்ள ஊர். ரியோ கிராண்டே ஆற்றின் பாலத்தைக் கடந்தால் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில். 1989 மார்ச் 14 அதிகாலை, விடுமுறைக்கு நண்பர்களுடன் வந்திருந்த மார்க் கில்ராய் என்ற 21 வயது அமெரிக்க மாணவர் அங்கே தெருவில் காணாமல் போனார். ஏப்ரல் 11 அன்று, ஊருக்கு மேற்கே சாந்தா எலெனா என்ற பண்ணையில் அவருடைய உடலைத் தோண்டியெடுத்தார்கள். பக்கத்திலேயே மற்ற உடல்களும் இருந்தன. கொட்டகைக்குள் இரத்தமும் எலும்பும் நிறைந்த ஓர் இரும்புக் கொப்பரை. கொப்பரைதான் முதல் வரியில் வர வேண்டும் என்றார் ஆசிரியர். வந்தது. தலைப்பு: ‘12 பேரைத் தின்ற கொப்பரை’. எழுதியவன் நான்தான்.

எங்கள் மெய்ப்புத் திருத்துநர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கதை எதுவானாலும் அவருக்கு ஒற்றும் காற்புள்ளியும்தான் கண்ணில் படும். அன்று என் பக்கத்தில் இரண்டு சிவப்பு வட்டம் போட்டிருந்தார். ஒன்று, தலைப்பில் இருந்த 12. கடைசிப் பத்தியில் 15 என்று இருக்கிறதே, எது சரி என்று கேட்டார். இரண்டும் சரிதான் ஐயா, முதல் நாள் தோண்டியது 12, பிறகு மேலும் 3 என்றேன்.

இரண்டாவது வட்டம் ‘மற்றவர்கள்’ என்ற சொல்லைச் சுற்றி.

“இதில் பிழை எங்கே ஐயா?”

“பிழை இல்லை, தம்பி. மார்க் என்ற பெயர் ஒரு பக்கத்திலேயே 9 இடத்தில் வருகிறது. மீதி 14 பேருக்கும் சேர்த்து இந்த ஒரு சொல்தானா என்று பார்த்தேன்.”

இடம் போதாது என்று சொல்லிச் சமாளித்தேன். மேசைக்குத் திரும்பி, கையில் இருந்த ஏஜென்சிச் செய்திகளையும் பழைய கத்தரிப்புகளையும் மறுபடி புரட்டினேன். அவற்றிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. கில்ராயின் பெற்றோர் துண்டறிக்கைகளோடு எல்லையில் அலைந்தார்கள். 15,000 டாலர் பரிசு அறிவித்தார்கள். அவருடைய தந்தையின் சகோதரர் அமெரிக்கச் சுங்கத் துறையில் இருந்தவர். அந்தத் தேடல் கொடுத்த நெருக்கடியில்தான் பண்ணை வெளியே வந்தது. அதே மண்ணில் கிடந்த போட்டிக் கடத்தல்காரர்களுக்கும் அக்கம்பக்கத்து ஏழைகளுக்கும் பாலத்தின் இரு பக்கமும் அதிகாரிகளைத் தெரிந்த உறவினர்கள் இல்லை.

இவ்வளவு யோசித்த பிறகுதான் கொப்பரை எவ்வளவு பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு உறைத்தது. இந்தக் கொலைகளைச் சடங்குப் பலியாக நடத்திய கும்பலின் தலைவன் அடோல்ஃபோ கோன்ஸ்டான்சோ, மியாமியில் கியூபப் பெண்ணுக்குப் பிறந்தவன். 1980களின் நடுவில் மெக்சிகோ சிட்டிக்குக் குடிபெயர்ந்து, காசு வாங்கிக்கொண்டு சடங்கு செய்து தந்தான். வாடிக்கையாளர்கள் கடத்தல்காரர்கள், மத்தியப் போலீஸ் அதிகாரிகளும் உண்டு. ஒரு கையில் கடத்தல்காரனும் மறு கையில் அதிகாரியும் இருப்பவன் விற்கும் ‘பாதுகாப்பு’ பலிப்பதற்கு ஆவி எதற்கு? கல்சாடா என்ற கடத்தல் குடும்பத்திடம் தொழிலில் பங்கு கேட்டான், மறுத்தார்கள், 1987இல் அந்த வீட்டைச் சேர்ந்த 7 பேர் பிணமானார்கள். பேய்க்கதையாக எழுதினால் கூலிப் பாக்கிக் கதை மறைந்துவிடும். நான் அதைத்தான் செய்திருந்தேன்.

மாத்தமோரோஸில் அவன் பிடித்தது எர்னாண்டஸ் குடும்பத்தை. கஞ்சா கடத்தும் குடும்பம். மூத்தவர் ஒருவர் 1987இல் சுட்டுக் கொல்லப்பட்டபின் தொழில் ஆட்டம் கண்டிருந்தது. சரக்குக்கும் ஆளுக்கும் எதுவும் ஆகாது என்று ஒருவன் அடித்துச் சொன்னான்; நம்பினார்கள். எந்த அளவுக்கு நம்பினார்கள் என்றால், அந்த வீட்டுப் பையன் செராஃபின் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினான். போலீஸ் கண்ணுக்குத் தான் தெரியமாட்டோம் என்ற நினைப்பு. பின்னாலேயே போன போலீசுக்குப் பண்ணை தெரிந்தது. பிரவுன்ஸ்வில் கல்லூரியில் அவன் படித்துக்கொண்டிருந்த பாடம் காவல் துறைப் பணி. இதை நானாகக் கற்பனை செய்து எழுதியிருந்தால் ஆசிரியர் அடித்திருப்பார்.

இன்னொரு ஆள், பண்ணைக் காவல்காரர். கில்ராயின் புகைப்படத்தைக் காட்டியதும், இந்தப் பையனைப் பார்த்திருக்கிறேன், சாப்பிடக் கொடுத்தேன் என்று அவர் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். வழக்கின் முடிச்சு அவிழ்ந்த இடம் அது. என் பிரதியில் அது ஒன்றரை வரி.

சொற்களோடும் மல்லாட வேண்டியிருந்தது. கூட்டத்தார் கோன்ஸ்டான்சோவை ‘பத்ரீனோ’ என்றார்கள். ஞானத்தந்தை என்று எழுதினால் தேவாலய வாசனை. தாதா என்றால் சினிமா. கடைசியில் பத்ரீனோ என்றே விட்டேன். மெக்சிகோ பத்திரிகைகள் அந்தக் கும்பலுக்கு ‘நார்கோசத்தானிகோஸ்’ என்று பெயர் சூட்டியிருந்தன. போதையையும் சாத்தானையும் ஒட்டவைத்த சொல். அதை ‘போதைச் சாத்தான்கள்’ ஆக்கினேன், பாராட்டும் கிடைத்தது. உண்மையில் சாத்தானுக்கு அங்கே வேலை இல்லை. கொப்பரை, காங்கோவிலிருந்து அடிமைகளோடு கியூபாவுக்கு வந்த பாலோ மயோம்பே சமயத்தைச் சேர்ந்தது. அதைக் கும்பிடும் சாதாரணக் குடும்பங்கள் ஆளைக் கொல்வதில்லை. நம் ஊரில் ஒருவன் சுடுகாட்டுக் கோயில் பெயரைச் சொல்லிக் கொலை செய்தால், அந்தக் கோயிலில் பொங்கல் வைக்கும் கிழவியையும் சேர்த்துத் தூக்குவோமா? இதை ஒரு பத்தியாக எழுதினேன். வேகத்தைக் குறைக்கிறது என்று வெட்டினார்கள். தவறில்லை, குறைக்கத்தான் செய்தது.

முடிவு எல்லோரும் அறிந்ததுதான். 1989 மே 6 அன்று மெக்சிகோ சிட்டி அடுக்ககம் ஒன்றில் போலீஸ் சூழ்ந்தபோது, கோன்ஸ்டான்சோ ஜன்னல் வழியே பண நோட்டுகளை வீசினான். பிறகு தன்னையும் தன் கூட்டாளியையும் சுடும்படி இன்னொருவனுக்குக் கட்டளையிட்டான். வயது 26. கூட்டத்தின் பெண் தலைமையாகச் சொல்லப்பட்ட சாரா அல்ட்ரேட்டேவுக்கு 1994இல் 60 ஆண்டுக்கு மேல் தண்டனை. அவரும் அதே பிரவுன்ஸ்வில் கல்லூரி மாணவி, நல்ல மதிப்பெண் வாங்கியவர்.

இரண்டாம் வாரத்துக்கு ஒரு பெட்டிச் செய்தி தயாரித்தேன். உடல்களைத் தோண்டி முடித்தபின், அந்தக் கொட்டகையைப் போலீசாரே கொளுத்தினார்கள். கொளுத்துவதற்கு முன் நாட்டு மந்திரிப்பவர் ஒருவரை வரவழைத்து இடத்தைச் சுத்தி செய்தார்கள். தடயம் இருக்கும் இடம் என்பதை விடவும், தீட்டு இருக்கும் இடம் என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டிருக்க வேண்டும். கதை முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். 12 வரி.

செவ்வாய்க்கிழமை இரவு 9 மணிக்குப் பக்கத்தைப் பார்த்தேன். பெட்டி இல்லை. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டது என்று பக்க வடிவமைப்பாளர் மானிட்டரைக் காட்டினார். ஒரு மாந்திரீகரின் விளம்பரம். தொழில் போட்டி, வழக்கு தொல்லை, எதிரிகள் அனைத்துக்கும் ஒரே நாளில் தீர்வு. கீழே கைபேசி எண்.

மெய்ப்புத் திருத்துநர் அதையும் வரி விடாமல் படித்தார். ‘வழக்குத் தொல்லை’ என்று ஒற்றுப் போட்டுக் கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்பினார்.