மருத்துவமனை நிர்வாகப் படிப்புக்கு நான் போட்ட கணக்கு

பில்லிங் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்த பிறகுதான் மருத்துவமனை நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம் படிக்கலாம் என்ற எண்ணம் வந்தது. அதற்குக் காரணம் ஒரு டிஸ்சார்ஜ். காலை 10 மணிக்கே டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார். நோயாளி கிளம்பியபோது மாலை 5. திருப்பிக் கொடுத்த மருந்துகளை மருந்தகம் கணக்கில் ஏற்றவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. காப்பீட்டு நிறுவனம் ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பியது. அந்தப் படுக்கைக்காகக் கீழே அவசர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் ஸ்ட்ரெச்சரிலேயே படுத்துக் காத்திருந்தார். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்று கேட்டேன். செயல்பாட்டு மேலாளருடையது, அந்தப் பதவிக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும் என்றார்கள்.

ஆசை வந்துவிட்டது, சரி. கட்டுப்படியாகுமா?

என் ஒரு மாதச் சம்பளத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இரண்டு வருட முழுநேரப் படிப்பின் கட்டணம் 20 மாதச் சம்பளம். வேலையை விட்டால் இழப்பது 24 மாதச் சம்பளம். கட்டணத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அதைவிடப் பெரிய செலவு கட்டணச் சீட்டில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் கடன். வருடத் தொடக்கத்தில் 10, 10 என்று இரண்டு முறை வாங்கி 10 சதவீத வட்டி போட்டால், படித்து முடிக்கும்போதே தனிவட்டியில் 23 ஆகிவிடும். ஏழு வருடத் தவணையாகப் பிரித்தால் மாதத்துக்கு 0.38 சம்பளம். மொத்தம் கட்டுவது 32. பட்டம் வாங்கியதும் சம்பளம் ஒன்றரை மடங்காகும் என்றே வைத்துக்கொண்டாலும், கூடுதலாக வரும் அரைச் சம்பளத்தில் முக்கால் பங்கு தவணைக்கே போய்விடும். இழந்த 24-ஐயும் சேர்த்தால் 56. போட்டதை எடுக்க ஒன்பது வருடத்துக்கு மேல். அந்தத் தாளைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றரை மடங்கு என்பதாவது உண்மையா? ஒரு கல்லூரியின் விவரப் புத்தகத்தில் சராசரிச் சம்பளம் கண்ணைப் பறித்தது. தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்டேன். எத்தனை பேருடைய சராசரி? அவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே மருத்துவர்கள்? இந்தப் படிப்புக்கு எம்பிபிஎஸ் முடித்தவர்களும் பல் மருத்துவர்களும் அனுபவமுள்ள செவிலியர்களும் வருவார்கள். அவர்கள் வாங்கும் சம்பளம் பட்டத்துக்கு மட்டுமான விலை அல்ல. வேலை கிடைத்தவர்களை மட்டுமே எண்ணியிருக்கிறார்கள் என்பதும் தெரியவந்தது. சம்பளங்களை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதைச் சொல்லுங்கள் என்றேன். கடைசிவரை சொல்லவில்லை. அந்தக் கல்லூரியை அன்றே விட்டேன். என்னைப் போல எழுத்தர் வேலையிலிருந்து படிக்கப் போன மூன்று பேரைத் தேடிப்பிடித்துக் கேட்டதுதான் உருப்படியான தகவல். இரண்டு பேருக்கு முதல் வேலை பழைய சம்பளத்தைவிட லேசாகத்தான் கூடியிருந்தது. மூன்றாமவர் பயிற்சிக்குப் போன மருத்துவமனையிலேயே சேர்ந்து நன்றாக முன்னேறியிருந்தார்.

அதனால் பாடத்திட்டத்தைவிடப் பயிற்சியைக் கவனித்தேன். 1934-ல் சிகாகோ பல்கலைக்கழகம் இந்தத் துறையில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியபோதே, வகுப்போடு மருத்துவமனைப் பயிற்சியையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். பயிற்சி வெறும் சான்றிதழாக இருக்கிற இடத்தில் பணம் கட்டுவது வீண் என்றே இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் மேலாளரிடம் போனேன். "மேடம், வேலையை விடாமல் படிக்கலாமா?" என்று கேட்டேன். "படிங்க. ஆனா முதல்ல மனிதவளப் பிரிவுல கேளுங்க, கட்டணத்துல பங்கு தருவாங்களான்னு" என்றார். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. மூன்று வருடப் பகுதிநேரப் படிப்பு, கட்டணம் 15 மாதச் சம்பளம். மூன்றில் ஒரு பங்கு மருத்துவமனை தரும். முடித்தபின் இரண்டு வருடம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் போனால் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த நிபந்தனையை மூன்று முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

என் பங்கு 10. கடன் வாங்கவில்லை. மாதம் சம்பளத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகப் போனது. சனி, ஞாயிறு என்று எனக்கு எதுவும் இருக்கவில்லை. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் கணக்கில் சேர்க்காமலே விட்டேன், ஆனால் சின்னச் செலவல்ல அது. நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி-10 குறியீடுகள் எனக்குப் பழக்கமானவை, அந்தப் பாடம் புதிதாக எதுவும் தரவில்லை. நிதியும் தர மேலாண்மையும் தந்தன. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார் என்பது படுக்கைகளை, வருமானத்தை, காத்திருப்பவர்களை எப்படியெல்லாம் தொடுகிறது என்று அங்கேதான் புரிந்தது.

பயிற்சிக் காலத்தில் டிஸ்சார்ஜ் தாமதத்தையே ஆய்வுக்கு எடுத்தேன். முதல் நாள் மாலையே மருந்துக் கணக்கை முடிப்பது, காப்பீட்டு ஆவணங்களை முன்கூட்டியே சரிபார்ப்பது என்று இரண்டு மாற்றம். அந்த வேலையைப் பார்த்துத்தான் துணை மேலாளர் பதவி தந்தார்கள்.

படிக்காமலே கிடைத்திருக்கக்கூடிய வழக்கமான உயர்வைக் கழித்தால் இப்போது கூடுதலாக வருவது 0.4 மாதச் சம்பளம். எதிர்பார்த்த 0.5 இல்லை. போட்ட 10-ஐ எடுக்க 25 மாதம் ஆகும், இது 14-வது மாதம். ஒப்பந்தம் 24-ல் முடிகிறது. அதற்குள் படுக்கை ஒதுக்கீட்டையும் முழுதாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேடத்திடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து காலைக் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.